கப்பல் சோதனை கண்துடைப்பு ஆகலாமா?

லால்பேட்டையில் கடல் இல்லை. வீராணம் ஏரிதான் இருக்கிறது. ஆனாலும் கடல் கடந்து போனவர்கள் அந்த ஊரில் ஏராளம். பாட்டன்மார் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறினார்கள். பேரப்பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

வீராணம் ஏரியின் உபரி நீர் லால்பேட்டை மதகு வழியாக வெள்ளியங்கால் ஓடையில் விழுகிறது. அந்த மதகுக்குக் கதவு இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தால் மட்டும் போதுமா? மழைக்கு முன்னால் அதை ஏற்றி, இறக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளம் வந்த இரவில் கதவு சிக்கிக் கொண்டால், நோட்டில் இருக்கும் கையெழுத்து கரையைக் காப்பாற்றாது.

கப்பல் சோதனைக்கும் இதே நியாயம்தான்.

நெருப்பிலே முடிந்த சேவை

'சிதம்பரம்' என்ற பெயர் கொண்ட பயணிகள் கப்பல் ஒன்று இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அது போய் வந்தது. தமிழ்நாட்டின் எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கப்பலிலே பிரயாணம் செய்தன. 1985 பிப்ரவரியில், நடுக்கடலில் அதிலே தீப்பிடித்தது. பயணிகள் பலர் மாண்டார்கள். அத்துடன் அந்தக் கப்பலின் சேவையும் முடிந்தது.

வீட்டிலே தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். கடலிலே தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? தீயணைக்கும் பம்பும், உயிர்காக்கும் படகும்தான் கதி. அவை வேலை செய்கின்றனவா என்பதைக் கரையிலேயே பார்த்துவிட வேண்டும்.

யார் பார்ப்பது?

ஒவ்வொரு கப்பலும் ஏதாவது ஒரு நாட்டின் கொடியைப் பறக்க விடுகிறது. அந்த நாடுதான் முதலில் அதற்குப் பொறுப்பு. ஆனால் ஒரு நாட்டு முதலாளி, இன்னொரு நாட்டுக் கொடி, மூன்றாவது நாட்டு மாலுமிகள் என்று இருப்பதுதான் இன்றைய உலக வழக்கம். கொடி நாடு கண்ணை மூடிக் கொண்டால் என்ன செய்வது? அதற்காகத்தான், கப்பல் வந்து சேரும் துறைமுக நாடும் அதிலே ஏறிப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள்.

1978-ல் 'அமோகோ காடிஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்சு நாட்டுக் கரையில் உடைந்தது. கடற்கரையெல்லாம் எண்ணெய் ஆயிற்று. அதன் பிறகு 1982-ல் ஐரோப்பிய நாடுகள் பாரிசில் கூடி, இந்தச் சோதனைகளைச் சேர்ந்து செய்வது என்று ஒப்பந்தம் செய்து கொண்டன. இந்தியப் பெருங்கடல் நாடுகள் 1998-ல் இதைப் போலவே ஓர் உடன்பாடு செய்தன. 1999-ல் அது அமலுக்கு வந்தது. அதன் செயலகம் கோவாவில் இருக்கிறது.

ஆகவே சட்டம் இருக்கிறது. ஏற்பாடும் இருக்கிறது. அதை எப்படி நடத்துவது என்பதே கேள்வி.

காகிதம் மிதக்காது

'டைட்டானிக்' கப்பல் 1912-ல் மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் படகில் இடம் இருந்தது. ஆனால் அன்றைய சட்டப்படி அது குற்றமல்ல! சட்டம் கேட்டதைவிட அதிகமான படகுகளே அதில் இருந்தன. சோதனை செய்தவர்கள் சரி என்று எழுதினார்கள்; கப்பல் கிளம்பியது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி மாலுமிகளைச் சாகடிக்கிறார்கள் என்று சாமுவேல் பிளிம்சால் என்பவர் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் போராடினார். 1876-ல் சட்டம் வந்தது. பாரம் ஏறும் எல்லையைக் காட்டக் கப்பலின் பக்கத்தில் கோடு போட வேண்டும் என்றார்கள். ஆனால் அந்தக் கோட்டை எங்கே போடுவது? அதை முதலாளியின் இஷ்டத்துக்கே விட்டு விட்டார்கள்! கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே தீர்மானிக்க 1890 ஆயிற்று. வேலியைப் போட்டுவிட்டு, சாவியை ஆட்டிடம் கொடுத்தது போன்ற கதைதான் அது.

எதைப் பார்ப்பது?

எல்லாக் கப்பலையும் ஒரே மாதிரி பார்க்க முடியாது. சோதனை அதிகாரிகள் சிலர், கப்பல்களோ பல. பெட்டிச் சரக்குக் கப்பல்கள் சில மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொண்டு கிளம்புகின்றன. கப்பல் காத்துக் கிடந்தால் செலவு ஏறும். அந்தச் செலவு கடைசியில் கடையிலே சாமான் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

அப்படியானால் வழி என்ன? யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரைக் கண்காணிப்பதே வழி. ஐரோப்பாவில் 2011 முதல் அப்படித்தான் செய்கிறார்கள். கப்பலின் வயது என்ன, வகை என்ன, எந்த நாட்டுக் கொடி, எந்தக் கம்பெனி, முன்பு என்ன குறைகள் கண்டார்கள் என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். ஆபத்து அதிகமான கப்பலுக்கு 5, 6 மாதத்தில் மறுபடியும் சோதனை. நல்ல கப்பலுக்கு 24 முதல் 36 மாதம் வரை அவகாசம். ஒழுங்காக இருப்பவனுக்கு லாபம், ஒழுங்கில்லாதவனுக்குத் தொல்லை. இது நியாயமான கணக்கு.

அதிகாரி ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே அந்தக் கப்பலின் சரித்திரம் அவர் கையில் இருக்க வேண்டும். சென்ற துறைமுகத்தில் கண்ட குறை தீர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். படகு இருக்கிறதா என்று எண்ணினால் போதாது; இறக்கிக் காட்டு என்று சொல்ல வேண்டும். பம்பு இருக்கிறதா என்று கேட்டால் போதாது. தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வருஷத்தில் எத்தனை கப்பல்களைச் சோதித்தோம் என்று கணக்குக் காட்டுவது பெருமை அல்ல. எத்தனை குறைகள் தீர்ந்தன என்பதுதான் கணக்கு.

உள்ளே இருப்பவனைக் கேளுங்கள்

2012 அக்டோபர் 31. நீலம் புயல் வீசிய நாள். சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'பிரதீபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல், பெசன்ட் நகர்க் கடற்கரை அருகே தரை தட்டியது. மாலுமிகளில் சிலர் உயிர்காக்கும் படகில் இறங்கினார்கள். படகு கவிழ்ந்தது. ஆறு பேர் மாண்டார்கள். கப்பலிலேயே இருந்தவர்களை மறுநாள் ஹெலிகாப்டர் மீட்டது. கப்பலில் உணவுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு இருந்தது என்று மாலுமிகள் சொன்னதாக அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது.

கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்த கப்பல் அது! கப்பலின் நோயை முதலில் அறிகிறவன் அதிலே படுத்து எழுகிற மாலுமிதான். கடல் தொழிலாளர் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றது. மாலுமியின் புகாரைத் துறைமுக அதிகாரி கேட்க அதிலே இடம் இருக்கிறது. புகார் சொன்னவன் பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கை மட்டும் அவனுக்கு வர வேண்டும். அதிகாரிகள் இருபது ஏடுகளைப் புரட்டுவதைவிட, சமையல்காரரிடம் ஐந்து நிமிஷம் பேசுவது சில நேரம் அதிக பலன் தரும்.

நஷ்டம் மாலுமிக்கு மட்டுமா?

2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் மூழ்கியது. அதில் இருந்த 24 பேரும் உயிர் தப்பினார்கள். ஆனால் சரக்குப் பெட்டிகள் கரை ஒதுங்கின. மீனவர் கவலைப்பட்டனர். காரணம் எதுவானாலும், கடலிலே ஒரு கப்பல் கெட்டால் கரையிலே அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வலை வீசி வாழ்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குடும்பங்கள் செய்யக் கூடியது

பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்பும் பெற்றோரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்கலாம். கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. பெயரும் கொடியும் மாறினாலும் அந்த எண் மாறாது. அந்த எண்ணை ஏஜெண்டிடம் கேட்டு வாங்குங்கள். எந்தத் துறைமுகத்தில் அந்தக் கப்பலை நிறுத்தி வைத்தார்கள் என்ற விவரம் இன்று கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூடம் படிக்கும் தங்கை கூட அதைத் தேடிக் கொடுத்து விடுவாள். எண்ணைச் சொல்ல மறுக்கும் ஏஜெண்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

வரும் முன் காப்பவனே அறிவாளி. கதவு ஏறுகிறதா என்று மழைக்கு முன்னால் பார்த்த ஊர், வெள்ளம் வந்த இரவிலும் தூங்கும். கப்பலையும் அப்படிப் பார்த்து அனுப்பினால், மகனைக் கடலுக்கு அனுப்பிய தாயும் தூங்குவாள்.