எப்போதோ வரும் வெள்ளத்துக்கு எதற்குக் காப்புறுதி?

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளத்துக்கு வருஷா வருஷம் நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று கேட்கும் குடும்பத் தலைவர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதே. வெள்ளியை எண்ணி எண்ணிச் செலவிடுகிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். பதிலையும் அப்படியே எண்ணிப் பார்த்துச் சொல்வோம்.

2021 டிசம்பர் 18ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். அந்த ஆண்டின் வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்றும், அதில் குடியிருப்பு வீடுகளுக்கு மட்டும் 160 கோடி வெள்ளி என்றும் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. குடும்பத்துக்கு 1,000 வெள்ளி என அரசாங்கம் கருணைத் தொகை வழங்கியது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் கட்டில், மெத்தை, அலமாரி, ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் மீண்டும் வாங்க அது போதுமா?

"நூறு ஆண்டுக்கு ஒரு முறை" என்றால், ஒரு முறை வந்துவிட்டது, இனி 99 ஆண்டு நிம்மதி என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படி ஒரு வெள்ளம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. இது சிறியதல்ல.

லயத்தில் குடியிருந்தவரை வீடு தோட்ட நிர்வாகத்துடையது. கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொன்னோம். சேமநிதிப் பணத்தை எடுத்து வாங்கிய தாமான் வீடு அப்படியல்ல. வீடு நம்முடையது என்றால் நட்டமும் நம்முடையதே.

"வங்கியிலேயே காப்புறுதி எடுத்தாகிவிட்டதே" என்பார் சிலர். இங்கேதான் கவனம் வேண்டும். கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ மீதிக் கடனை அடைப்பது ஒரு வகை. அதற்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமே இல்லை. தீக்காப்புறுதி இன்னொரு வகை. அதில் தீயும் மின்னலும் அடங்கும். வெள்ளத்துக்குத் தனியே சேர்த்துக் கட்ட வேண்டும். நீண்ட காலம் வழக்கில் இருந்த கட்டண அட்டவணைப்படி இந்தச் சேர்க்கைக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு ஆண்டுக்கு 86 வெள்ளி, அதாவது மாதம் ஏழு வெள்ளி சொச்சம். இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறலாம். வீட்டு உரிமையாளர் காப்புறுதி என்ற மூன்றாவது வகையில் வெள்ளமும் அடங்கும். ஆனால் அது கட்டடத்துக்கு மட்டுமே. சாமான்களுக்கு வேறு பத்திரம் எடுக்க வேண்டும்.

கல் வீடு பெரும்பாலும் வெள்ளத்தில் இடிந்து விழுவதில்லை. பாழாவது கதவும், மின்கம்பியும், வீட்டுச் சாமான்களுமே. ஆகவே சாமான் காப்புறுதியை மறந்துவிடாதீர்கள். வெள்ள நட்டத்தில் முதல் பகுதியை நாமே ஏற்க வேண்டும் என்பதும் வழக்கமான விதி. காப்புறுதித் தொகையில் நூற்றுக்கு ஒன்று அல்லது 2,000 வெள்ளி, இதில் எது குறைவோ அது. 20,000 வெள்ளிக்கு எடுத்திருந்தால் 200 வெள்ளி நம் பொறுப்பு.

எல்லாருக்கும் இது கட்டாயமா? இல்லை. மேட்டில் வீடு, கடனும் தீர்ந்தது, சாமான்களும் சொற்பம் என்றால் அந்தப் பணத்தைச் சேமிப்பில் போடலாம். அடுக்குமாடியில் கட்டடக் காப்புறுதி நிர்வாகத்தின் பொறுப்பு. மேல்மாடிக்காரருக்கு வெள்ளக் கவலை குறைவு. ஆனால் ஆற்றோரத்திலோ பள்ளத்திலோ தரைவீடு, கடனும் பாக்கி, கையில் சேமிப்பும் இல்லை என்றால் அவசியம் எடுக்க வேண்டும். ஒரே நட்டத்தில் நொடித்துப் போகிறவருக்குத்தான் காப்புறுதி பெரிதும் தேவை.

இந்த வாரமே பெட்டியில் இருக்கும் பத்திரத்தை எடுத்துப் படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வெள்ளம் என்ற சொல் அதில் இருக்கிறதா? சாமான்களும் சேர்ந்திருக்கின்றனவா? இல்லையென்றால் ஏஜெண்டிடம் கேளுங்கள். வாசலில் தண்ணீர் ஏறிய பிறகு எந்த நிறுவனமும் பத்திரம் எழுதித் தராது.