மண்டைக்குள் ரத்தக் கசிவு! காட்டிக் கொடுக்கும் ஸ்கேன் கருவி

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது பழமொழி. கீழே விழுந்தவர் எழுந்து நடந்துவிட்டால், வீட்டார் அப்படித்தான் ஆறுதல் அடைவார்கள்.

ஆனால் சில வேளைகளில் ஆபத்து தலைப்பாகையோடு போவதில்லை. தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது!

ஏலக்காய்க்குப் பெயர்போன ஊர் போடிநாயக்கனூர். இங்கிருந்து ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரள மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். தோட்டத்திலோ வழுக்கும் சரிவு. தலையில் அடிபட ஒரு நொடி போதும்.

எழுந்தவர் மீண்டும் சாய்வது ஏன்?

அடிபட்டவர் சிறிது நேரம் மயங்கிக் கிடக்கிறார். பிறகு எழுந்து பேசுகிறார். "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார். சில மணி நேரத்தில் தலைவலி கூடுகிறது. வாந்தி வருகிறது. எழுப்பினாலும் எழுவதில்லை.

காரணம் என்ன? மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தக் குழாய் கிழிந்து, ரத்தம் சிறுகச் சிறுகச் சேர்கிறது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. ஆகவே மூளை நசுங்குகிறது.

சாதாரண எக்ஸ்ரே எலும்பு முறிவைக் காட்டும். உள்ளே தேங்கிய ரத்தத்தைக் காட்டாது. அதைக் காட்டுவது சி.டி. ஸ்கேன்.

இசைத்தட்டுக் கம்பெனி தந்த கருவி

நாய்ப் படம் போட்ட கிராமபோன் இசைத்தட்டு பலருக்கு நினைவிருக்கும். அந்த முத்திரைக்கு உரிய ஈ.எம்.ஐ. கம்பெனியின் என்ஜினீயர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுதான் இக்கருவியை அமைத்தவர். 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. 1979-ல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எக்ஸ்ரே கதிர் தலையைச் சுற்றி வருகிறது. பூசணிக்காயைக் கீற்றுப் போட்டுப் பார்ப்பதுபோல், கணிப்பொறி தலையின் உட்புறத்தைக் காட்டுகிறது. புதிதாகக் கசிந்த ரத்தம் வெள்ளையாகத் தெரியும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

இப்போது நுட்பம் மேலும் வளர்ந்திருக்கிறது. ஊசி மூலம் மருந்து செலுத்தி எந்தக் குழாய் கசிகிறது என்று பார்க்கலாம். வெள்ளையாகத் தெரிவது ரத்தமா, செலுத்திய மருந்தா என்று இரண்டு வகைக் கதிர்களால் பிரித்தறியலாம். மும்பையின் கியூர்.ஏஐ நிறுவனம், சுமார் 3 லட்சம் தலை ஸ்கேன்களைக் கொண்டு ரத்தக் கசிவை அறியக் கணிப்பொறியைப் பழக்கியது. அதன் முடிவு 2018-ல் வெளியாயிற்று.

வாதத்திலும் இதே கேள்வி

திடீரென்று வாய் கோணுகிறது. ஒரு பக்கக் கை கால் விழுந்துவிடுகிறது. குழாய் அடைத்தாலும் இப்படித்தான். ரத்தம் கசிந்தாலும் இப்படித்தான்! அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவுக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால்தான், தலைவலி என்று வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பதும் தவறு.

கருவி இருந்தால் போதுமா?

க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது.

ஆனால் அது சாலை விபத்துக்கான திட்டம். தோட்டச் சரிவில் விழுந்தவருக்கு முதல் துணை, பக்கத்தில் நிற்கும் கங்காணியும் கூட்டாளிகளும்தான். "படுத்தால் சரியாகிவிடும்" என்று விடாமல், 108-ஐ அழைக்க வேண்டும். தூக்கக் கலக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, காதில் ரத்தம் — இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது.

கருவி மலை ஏறி வராது. அடிபட்டவரைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும்.