தட்டுவதற்கு ஒரு கதவாவது வேண்டும்

வயிறு எரிகிறது. பொறாமையால்தான் எரிகிறது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கென்யாவின் நூபியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு 2011இல் கிடைத்த ஒன்று, இலங்கை மலையகத்தில், லயம் என்ற தேயிலைத் தோட்ட வரிசை வீட்டுக் காம்பராவில் பிறக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. தங்களுக்கு நடந்ததைச் சொல்ல, நாட்டு எல்லைக்கு வெளியே அவர்களுக்கு ஓரிடம் இருந்தது. போய்ச் சொன்னார்கள். உட்கார்ந்து கேட்டவர்கள், "ஆமாம், உங்களுக்கு நடந்தது அநியாயம்தான்" என்று தீர்ப்பு எழுதினார்கள்.

அவர்களுடைய கதை எங்களுடைய கதையேதான். சூடானிலிருந்து வெள்ளைக்காரன் அவர்களைத் தன் பட்டாளத்துக்குச் சிப்பாய்களாகக் கொண்டுவந்தான். வேலை முடிந்ததும் நைரோபிக்குப் பக்கத்தில் கிபேரா என்ற காட்டுப் பகுதியில் குடியிருக்க விட்டான். நாடு சுதந்திரம் பெற்றபோது அவர்கள் அங்கேயே பிறந்து அங்கேயே புதைபட்ட தலைமுறைகளாகிவிட்டார்கள். ஆனாலும் அன்னியர் என்றே எண்ணப்பட்டார்கள். பிள்ளை பிறந்தால் பதிவு எடுப்பதே பாடு. 18 வயதில் அடையாள அட்டைக்குப் போனால் மற்றவர்களுக்கில்லாத விசாரணை. பாட்டன் எங்கே பிறந்தான், சீட்டு எங்கே என்று கேள்வி. உள்நாட்டு நீதிமன்றத்தில் போட்ட வழக்கு ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடந்தது. கடைசியில் 2009இல், பிள்ளைகளின் பேரில், ஆப்பிரிக்கப் பிள்ளைகள் உரிமை நிபுணர் குழுவுக்கு முறைப்பாடு போனது. 2011 மார்ச் 22ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அந்தக் குழு கொடுத்த முதல் தீர்ப்பே அதுதான்.

அந்தத் தீர்ப்பைப் பற்றி முதன்முதலில் வாசித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே குடியுரிமை கொடுக்காதது தவறு என்று மட்டும் சொல்லிக் குழு நிறுத்தவில்லை. அந்தச் சமூகம் வாழும் இடத்தில் மற்ற இடங்களைவிடப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் குறைவாக இருப்பதும் உரிமை மீறல் என்றது. குடியுரிமைச் சீட்டு இல்லாத பிள்ளைதான் மருந்தில்லாத பிள்ளையாகவும் படிப்பில்லாத பிள்ளையாகவும் ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு அது. எங்களுக்கு இதை யார் எழுதினார்கள்?

எங்கள் முன்னோரை 1820களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் கொண்டுவந்தார்கள். காட்டை வெட்டினோம், மலையைப் பச்சையாக்கினோம். 1948இல் நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு, குடியுரிமைச் சட்டம் ஒன்றால் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களை எண்ணிப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துச் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். போகிறாயா, இருக்கிறாயா என்று எங்கள் பிள்ளைகளில் ஒருவரையாவது கேட்டார்களா? என் அம்மாயியின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனது. அங்கேயும் தேயிலைதான் பறித்தார்கள். கடைசி நாடற்றவருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, எந்த நாட்டுக்காரியும் ஆகாமலே செத்துப்போனவர்களுக்கு யார் பதில் சொல்வது?

குடியுரிமைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குமுறல் என்று கொழும்பில் கேட்பார்கள். சொல்கிறேன்.

லயத்து வீட்டுக்கு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே யாராவது மனசு வைத்துக் கொடுத்தனுப்பினால் வீட்டுக்கு வரும். ஆசிரியர் கலாசாலை நேர்முகப் பரீட்சைக்கு என் அக்காவுக்கு வந்த கடிதம் அந்த ஆபீஸ் அலுமாரி மேலே, சம்பளப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. விடிகாலைப் பெயர்ப் பதிவான பெரட்டுக்குப் போன அப்பா கையில் ஒரு காலை அதைக் கொடுத்தார்கள். அக்கா லயத்து வாசலில் நின்றுகொண்டே பிரித்தாள். நேர்முகப் பரீட்சை முடிந்து பதினைந்து நாளுக்கு மேலாகியிருந்தது. அப்பா திரும்பிப் போய் ஆபீஸ் வாசலில் நின்றார். "அடுத்த வருசம் போடச் சொல்லு" என்றார்களாம். அடுத்த வருடம் அக்கா கூடையோடு மலையேறினாள். அவள் எங்கள் டிவிசனிலேயே கணக்கில் கெட்டிக்காரி. எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் இன்றும் கணிதத்துக்கு ஆசிரியர் தட்டுப்பாடு. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு வெடிக்கிறது.

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்கு வாருங்கள். நிறை பார்க்கும் நாளில் தாய்மார் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பார்கள். மிஸி தராசில் பிள்ளையைத் தூக்கி வைத்து, கொப்பியில் புள்ளி வைப்பார். புள்ளி மேலே ஏறவேண்டிய இடத்தில் படுத்துக்கிடக்கும். "சாப்பாடு குடுக்கிறதில்லையா?" என்று கேட்பார். தாய் தலையைக் குனிந்துகொள்வாள். என்ன சொல்வாள்? விடியற்காலையில் ரொட்டி தட்டி வைத்துவிட்டு மலைக்கு ஓடுகிறவள், கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான் விழும் என்று பால் கொடுக்கக்கூட இறங்கி வர யோசிக்கிறவள், அந்த வரிசையில் எதைச் சொல்வாள்? திரிபோஷாச் சத்துமாப் பை ஒன்று கிடைத்தால் வீட்டிலிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் அன்றைய பலகாரம். 2016ஆம் ஆண்டு அரசாங்கமே எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வு சொல்வது இது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், எங்கள் பிள்ளை மட்டும் குட்டையாக வளர்கிறது. இதைத் தாயின் தலையில் கட்டுகிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு முழு வைத்தியர் ஏன் இல்லை, தோட்ட வைத்தியசாலைகளை அரசு முழுதாக ஏன் எடுக்கவில்லை என்பதை யாரும் வரிசையில் நிறுத்திக் கேட்பதில்லை.

படிப்பும் அப்படித்தான். 1945இல் இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது, உலகமே மெச்சியது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன. ஒரு வாத்தியார், ஒரு கொட்டகை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும் என்ற கணக்கு. அவை அரசின் கைக்கு வரத் தொடங்கியதே 1970களில்தான். ஒரு தலைமுறைக்கு மேல் பின்னால் நிறுத்திவிட்டு, இன்றைக்கு ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு குறைவு என்று எங்களைப் பார்த்து உதடு பிதுக்குகிறார்கள்.

16 வயதுவரை பள்ளிக்கூடம் கட்டாயம் என்று 2016இல் விதி வந்தது. வேலைக்கு வைக்கும் குறைந்த வயதை 2021 ஜனவரியில் 16 ஆக்கினார்கள். அதே வருடம் ஜூலையில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை ஒருத்தி உடலெல்லாம் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தாள். ஹட்டனில் ஊர்வலம் போனோம். கொழும்பிலும் போனார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினோம். என் வகுப்பில் அவள் வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். "டீச்சர், இனிமே யாரையும் கொழும்புக்கு அனுப்ப மாட்டாங்கதானே?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதற்குப் பிறகும் அனுப்புகிறார்கள். அம்மா வெளிநாட்டில், அப்பா குடியில், கடை பாக்கி கழுத்தில். தரகர் வந்து முன்பணத்தை மேசையில் வைக்கிறார். வகுப்பில் ஒரு வாங்கு காலியாகிறது.

சரி, எங்கே போய் முறையிடுவது?

அரசியலமைப்பைப் புரட்டினால், கல்வியும் வாழ்க்கைத் தரமும் அரச கொள்கை நெறிகளில் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை வைத்து வழக்காட முடியாது என்று அதே அத்தியாயத்தின் முடிவில் எழுதியிருக்கிறார்கள். அடிப்படை உரிமை மீறல் என்று வழக்குப் போடவேண்டுமானால் கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்கே போகவேண்டும். அதுவும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள். கடிதமே ஒரு மாதத்தில் வந்து சேராத லயத்திலிருந்து ஒரு தாய் எப்படிப் போவாள்? ஒரு நாள் சம்பளத்தை விட்டால் மறுநாள் அடுப்பெரியாது. மனித உரிமை ஆணைக்குழு விசாரிக்கும், பரிந்துரைக்கும். கட்டளையிட அதற்கு அதிகாரமில்லை. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் தொமோயா ஒபொகாதா 2021 இறுதியில் நேரிலேயே வந்தார். இங்கே நவீன அடிமைத்தனத்துக்கு இனரீதியான ஒரு பக்கம் இருக்கிறது, மலையகத் தமிழர் அதில் அகப்பட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார். அவருக்கு எங்கள் நன்றி. ஆனால் அறிக்கையைக் காட்டி ஒரு டிஸ்பென்சரியைத் திறக்கவைக்க முடியவில்லையே!

பிள்ளைகளின் முறைப்பாட்டை ஐ.நா. குழுவே நேரடியாகக் கேட்க வழிசெய்யும் விருப்ப நெறிமுறை ஒன்று 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதில் சேரவில்லை. அதற்கு முன்பு 1997இல் வேறொரு முறைப்பாட்டு நெறிமுறையில் சேர்ந்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிட்டது. திறந்த கதவையும் உள்ளேயிருந்து பூட்டினார்கள்.

ஐரோப்பாக்காரனுக்கு ஸ்திராஸ்பூர்க்கில் மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. லத்தீன் அமெரிக்காக்காரனுக்குச் சான் ஹோசேயில் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு அருஷாவில் நீதிமன்றமும், பிள்ளைகளுக்கென்றே தனிக் குழுவும் இருக்கின்றன. உலகத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் வாழும் ஆசியாவுக்கு இப்படி ஒரு நீதிமன்றமில்லை. தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு 2002 ஜனவரியில் காட்மாண்டுவில் பிள்ளைகள் நலனுக்காக ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நல்ல வார்த்தைகள். முறைப்பாடு போட அதில் வழியில்லை. சார்க்கின் சாசனமோ, இருதரப்புச் சிக்கல்களையும் சர்ச்சையான விஷயங்களையும் பேசக்கூடாது என்று சொல்கிறது. பிள்ளையின் பசி சர்ச்சையான விஷயமா? 2014க்குப் பிறகு சார்க் நாட்டுத் தலைவர்கள் உச்சி மாநாட்டுக்குக்கூட ஒன்றாக உட்காரவில்லை.

இது எங்கள் மலைக்கு மட்டும் உரிய துன்பமென்றால் ஒருவேளை பொறுத்திருப்போம். அசாமில் தேயிலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இதே லயம், இதே இரத்தச்சோகை. பங்களாதேஷின் சில்ஹெட்டில் 2022 ஆகஸ்டில் 120 டாக்கா நாட்கூலியை 300 ஆக்கச் சொல்லித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 170 கொடுத்தார்கள். மூன்று நாட்டிலும் ஒரே வெள்ளைக்காரன், ஒரே பயிர், ஒரே பெரட்டு. மூன்று நாட்டுத் தாய்மாரும் சேர்ந்து ஒரு மனுவில் கைநாட்டு வைத்தால் அதை வாங்க ஓர் அலுவலகம்கூட இந்தத் தெற்காசியாவில் இல்லை.

தீர்ப்பு வந்தால் மட்டும் எல்லாம் ஆகிவிடுமா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். கென்யாவில் அந்தத் தீர்ப்பு முழுதாக நிறைவேற ஆண்டுகள் பிடித்தன என்பது எனக்கும் தெரியும். ஆனால் சியரா லியோனைப் பாருங்கள். 2015இல், கர்ப்பமாயிருந்த மாணவிகள் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது, பரீட்சை எழுதக்கூடாது என்று அரசு தடுத்தது. 2019 டிசம்பர் 12இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கச் சொன்னது. 2020 மார்ச் 30இல் தடை நீங்கியது. நான்கே மாதம்! உள்நாட்டில் யாரும் காதில் வாங்காத பெண்பிள்ளைகளின் சொல்லுக்கு, எல்லைக்கு வெளியே ஒரு நீதிமன்றம் இருந்ததால் எடை வந்தது. அந்த எடை எங்கள் பிள்ளைகளின் சொல்லுக்கு ஏன் வரக்கூடாது?

எங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் கேட்கிறேன். தேர்தலுக்குத் தேர்தல் சம்பளம், கூரைத்தகரம், ஏழு பேர்ச் நிலம் என்று பேசுகிறீர்கள். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் பிள்ளைகளின் முறைப்பாட்டு நெறிமுறையில் சேர் என்று பாராளுமன்றத்தில் உரக்கச் சொன்னீர்களா? கல்வியையும் சுகாதாரத்தையும் வழக்காடக்கூடிய அடிப்படை உரிமையாக்கு என்று ஒரு வரவுசெலவு வாக்கெடுப்பிலாவது நிபந்தனை வைத்தீர்களா? ஒவ்வொரு லயத்துக்கும் தபால் முகவரி கொடுக்க எத்தனை ஆட்சி மாறவேண்டும்?

சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் எங்களுக்காக மனம் நோகிறவர்களே, உங்கள் கூட்டங்களில் எங்கள் வரலாற்றைப் பேசுகிறீர்கள், பேசுங்கள். கூடவே இந்த இரண்டு கோரிக்கைகளையும் தீர்மானமாகப் போட்டு அனுப்புங்கள்: இலங்கை அரசு அந்தப் பிள்ளைகள் முறைப்பாட்டு நெறிமுறையில் சேரவேண்டும், தெற்காசியப் பிள்ளைகள் முறையிட ஒரு பொதுக் குழு வேண்டும். முதலாவதற்குக் கட்டடம் வேண்டாம், கடன் வேண்டாம். கொழும்பில் ஓர் அமைச்சர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதுவே முதல் அடி. 2014இலிருந்து அந்தக் காகிதம் காத்திருக்கிறது.