கட்டத்துக்குள் ஒளிந்த சொற்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

ஆண்டு மலருக்கு ஓர் அறிவியல் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். அறிவியலைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இன்னும் வந்துவிடவில்லை. ஆனால் அறிவியலை நெருங்கப் போகும்போது வாசலிலேயே நின்று வழிமறிக்கின்றனவே நீண்ட நீண்ட சொற்கள், அவற்றைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு நிறையவே உண்டு. அந்தத் தகுதியை ஒரு தாளில் தோற்றுப் பெற்றிருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் படித்தது தமிழ்வழியில். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஒளிச்சேர்க்கை என்றால் எனக்கு விளங்கும். ஒளி என்ன என்று தெரியும், சேர்க்கை என்ன என்று தெரியும். அதே பொருள் ஆங்கிலத்தில் 14 எழுத்துக்களோடு கரும்பலகையில் வந்து நின்றபோது, அதை எங்கே பிரிப்பது, எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் விழித்தேன். என்னைப் போல் விழித்தவர்கள் வகுப்பில் பாதிப்பேர் இருப்பார்கள். ஒருவர் விழிப்பதை மற்றவர் பார்த்து ஆறுதல் அடைந்தோம்.

எங்கள் நிலையைக் கண்டு இரங்கிய பேராசிரியர் ஒருவர், முதல் மாதத்திலேயே ஒரு தாள் கொடுத்தார். 15 வரிசை, 15 நிரல். கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. பக்கவாட்டில் 20 தாவரவியல் சொற்களின் பட்டியல். அச்சொற்கள் படுக்கையாகவும் நெடுக்காகவும் குறுக்காகவும் கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும். கண்டுபிடித்து வட்டமிட வேண்டும். நான் ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டேன். வகுப்பில் முதல் ஆள்! பேராசிரியர் தட்டிக் கொடுத்தார். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அன்று மாலை, வட்டமிடாத வேறொரு பிரதியை வீட்டில் திண்ணையில் வைத்திருந்தேன். அம்மா நார் மில்லிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு அருகில் அமர்ந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது.

"என்ன கண்ணு இது, எழுத்தெல்லாம் இப்படிச் சிதறிக் கெடக்குது?"

"இந்தப் பக்கம் எழுதியிருக்கிற மாதிரியே அந்தக் கட்டத்துக்குள்ள எங்கியோ இருக்கும்மா. தேடணும்."

அம்மா பட்டியலில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, கட்டத்தில் கண்ணை ஓட்டினார். சிறிது நேரத்தில், "இதோ, இதேதான்" என்றார். பார்த்தேன். ஸ்கிளிரங்கைமா. 12 எழுத்து. அடுத்து இன்னொன்று. மொத்தம் நான்கு சொற்கள். எல்லாம் நீளமானவை. "பெருசா இருக்கிறதுதான் சீக்கிரம் கண்ணுல படுது. சின்னதுதான் ஏமாத்துது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்போது நான் சிரித்தேன். பருவத் தேர்வு எழுதிய பிறகுதான் அம்மா சொன்னது என்ன என்று உறைத்தது. ஸ்கிளிரங்கைமா பற்றிக் குறிப்பு வரைக என்று ஒரு வினா. நான் உயிருள்ள செல்கள் என்றேன், மூலைகளில் தடித்த சுவர் என்றேன், படமும் வரைந்தேன். அத்தனையும் கோலங்கைமாவின் இலக்கணம். ஸ்கிளிரங்கைமா முதிர்ந்தால் உயிரற்றது, சுவர் எங்கும் தடித்தது. போதாக்குறைக்கு, அந்தச் சொல்லை எழுதும்போது 'சி, எச்' என்று இரண்டெழுத்து வரவேண்டிய இடத்தில் 'கே' என்று ஒன்றைப் போட்டு வைத்தேன். அந்தத் தாள் அரியர் ஆயிற்று. இந்த ஒரு வினாவினால்தான் தோற்றேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் எந்தச் சொல்லை ஏழு நிமிடத்தில் பிடித்தேனோ, அந்தச் சொல்லே என்னைக் கைவிட்டது என்பது மெய்.

ஏன் அப்படி நேர்ந்தது என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். சொல்தேடல் புதிரில் கண் ஒரு தந்திரம் செய்கிறது. முழுச் சொல்லை அது படிப்பதே இல்லை. அதிகம் வழங்காத எழுத்து ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. சைலம் என்ற சொல் வேண்டுமானால் 'எக்ஸ்' எங்கே என்று தேடுகிறது. பிறகு தலையும் வாலும் ஒத்து வந்தால் வட்டமிட்டு விடுகிறது. நடுவில் உள்ளதை யார் பார்க்கிறார்கள்? நீண்ட சொற்களில் நாம் தவறு செய்யும் இடமோ அந்த நடுப்பகுதிதான்.

அம்மா சொன்ன கணக்கும் சரியே. 15 கட்டம் உள்ள ஒரு வரிசையில், ஐந்தெழுத்துச் சைலம் இடமிருந்து வலமாக 11 விதமாக அமரலாம். 12 எழுத்து ஸ்கிளிரங்கைமாவுக்கு நான்கே இடம். 14 எழுத்துச் சொல்லுக்கோ இரண்டே இடம். ஒளிய இடமில்லாதவன் விரைவில் அகப்படுவான் அல்லவா? எந்தச் சொற்களைக் கற்பிக்க இந்தப் புதிர் மிகவும் தேவை என்கிறோமோ, அந்த நீண்ட சொற்களில்தான் இது மிகக் குறைவாக உழைக்க வைக்கிறது. குறுக்கெழுத்துப் போட்டியில் பொருள் தெரியாமல் ஒரு கட்டமும் நகர முடியாது. இங்கே மொழி தெரியாமலே நகரலாம்.

"பயத்தையாவது போக்குகிறதே" என்பான் என் வகுப்புத் தோழன். ஒப்புக்கொள்கிறேன். புதிர் போட்ட பிறகு அந்தச் சொற்கள் முன்போல் மிரட்டுவதில்லை. ஆனால் தினமும் ஒரே பேருந்தில் வருகிறவரின் முகம் நமக்குத் தெரியும். அவர் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அப்படிப்பட்ட பழக்கம்தான் இது. தேர்வில் முகத்தைக் கேட்பதில்லை.

இந்தப் புதிர் அப்படியொன்றும் பழமையானதன்று. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து நார்மன் நகரில், நார்மன் கிபாட் என்பவர் 1968இல் ஒரு சிறிய விளம்பர இதழில் இதை வெளியிட்டார். அவ்வூர் ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தப் பிரதிகள் கேட்டார்களாம். விளம்பர இதழில் பிறந்த பொழுதுபோக்கு ஒன்று பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். ஆசிரியர்கள் ஏன் கேட்டிருப்பார்கள் என்று எனக்குப் புரிகிறது. நாற்பது பேர் அமைதியாகக் குனிந்திருக்கும் வகுப்பு எந்த ஆசிரியருக்கும் இனிமையானதே. (பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.)

என் குறையைப் பேராசிரியரிடம் சொல்லத் துணிவு வரப் பல வாரங்கள் ஆயின. சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அப்படியானால் நீயே ஒன்று தயாரித்துக்கொண்டு வா, பார்க்கலாம்" என்றார். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். இரண்டு மாலைப் பொழுதுகள் போயின.

அந்த இரண்டு மாலைகளில் கற்றது, ஒரு பருவம் முழுதும் கற்றதைவிட அதிகம். ஸ்கிளிரங்கைமாவுக்கு என்று 12 கட்டம் எண்ணி ஒதுக்கிவிட்டு எழுதினால் கடைசியில் ஒரு கட்டம் மிஞ்சியது. மறுபடி எண்ணினேன்; மறுபடியும் மிஞ்சியது. புத்தகத்தைப் பார்த்தபோதுதான் அந்தக் 'கே' என்னைப் பார்த்துச் சிரித்தது. தேர்வுத்தாளில் யாரும் எனக்குக் காட்டாத தவற்றை ஒரு காலிக் கட்டம் காட்டிவிட்டது. பிறகு மூன்று திசுச் சொற்களையும் ஒன்றையொன்று வெட்டும்படி வைக்க முயன்றேன். பாரங்கைமா, கோலங்கைமா, ஸ்கிளிரங்கைமா மூன்றுக்கும் கடைசி ஏழு எழுத்தும் ஒன்றே என்று அப்போதுதான் கண்டேன். ஓராண்டாகப் பார்த்த சொற்கள்! நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். கிரேக்க மொழியில் அந்த வாலுக்கு உள்ளே ஊற்றப்பட்டது என்று பொருள். முன்னால் நிற்கும் ஸ்கிளிர் என்றால் கடினம். கோல் என்றால் பசை. இனி நான் எப்படி மாற்றி எழுதுவேன்? கொய்யாப்பழத்தைக் கடித்தால் பல்லில் நறநறவென்று படுகிறதே, அது அந்தக் கடினம். தேங்காய் நாருக்கு அவ்வளவு வலுவைக் கொடுப்பதும் அந்தக் கடினமே. மட்டையிலிருந்து வந்த நாரை நாள் முழுதும் உதறிக் காயப்போடும் அம்மாவின் உள்ளங்கைக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

தமிழிலும் ஒன்று செய்து பார்த்தேன். அதில் ஒரு வேடிக்கை. ஒளிச்சேர்க்கை தமிழில் ஏழே எழுத்து. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால், தேடுகிறவர் பல கட்டங்களை முதலிலேயே தள்ளிவிடுகிறார். காலிக் கட்டங்களை மனம்போன எழுத்துக்களால் நிரப்பினாலோ, தமிழில் வராத எழுத்துச் சேர்க்கைகளெல்லாம் வந்து நின்று, உண்மைச் சொல்லைத் தனியே காட்டிக்கொடுக்கின்றன. நம் எழுத்துக்குள் ஒரு சொல்லை ஒளித்து வைப்பது எளிதன்று.

ஆகவே என் கருத்து இது. இந்தப் புதிரைத் தூக்கி எறிய வேண்டாம். தீர்ப்பவர் வேலையை விட்டுவிட்டு, ஆக்குபவர் வேலையை மாணவருக்குக் கொடுங்கள். பட்டியலையும் தரக்கூடாது, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் ஒரு வரி குறிப்பு எழுதவேண்டும். இப்போது தீர்த்த தாளுக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் கிடைக்கிறது. ஒருவர் வட்டமிட்டால் அவர் தாளின் படம் பத்து நிமிடத்தில் எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. இது எல்லாருக்கும் தெரிந்ததே. நான் ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. அவரவர் ஆக்கிய தாள் என்றால் இரண்டு தாள் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

முதலாண்டு மாணவர் ஐவரிடம் எட்டெட்டுச் சொற்கள் கொடுத்துச் செய்யச் சொன்னேன். நால்வர் கொண்டு வந்தார்கள். ஐந்தாமவர் இன்னும் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார். வந்த நால்வரில் ஒரு தங்கை, புளோயத்துக்கு "வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்வது" என்று குறிப்பு எழுதியிருந்தாள். அது சைலத்தின் வேலை. சொல்லைத் தேடி வட்டமிட மட்டும் விட்டிருந்தால், இந்தத் தவறு தேர்வுத்தாள் வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னொரு தம்பி, "அண்ணா, வட்டமிடுவதுதான் ஜாலியாக இருந்தது, இது வேலை வாங்குகிறது" என்றான். இருக்கட்டும். வேலைதான்.

பேராசிரியர்களுக்கு இதைத் திருத்த நேரம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வகுப்புகளும் செய்முறைகளும் அவர்களுக்குத் தலைக்கு மேல் இருக்கின்றன. ஒருவர் ஆக்கியதை அடுத்தவர் தீர்த்தால், பாதித் திருத்தம் அங்கேயே நடந்துவிடும். குறிப்பு தவறானால் தீர்ப்பவர் சண்டைக்கு வருவார். நீரைக் கொண்டு செல்லும் புளோயத்துக்காக எங்கள் துறை வராந்தாவில் அரைமணி நேரம் நடந்தது அப்படியொரு சண்டைதான்.

அந்தக் கணக்கு நோட்டு இப்போது துறை நூலகத்தில், மேசையின் இடது ஓரத்தில் இருக்கிறது. 11 பக்கம் நிரம்பியிருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் பிளாஸ்மோடெஸ்மேட்டாவை மட்டும் பென்சிலால் குறுக்காக எழுதி வைத்திருக்கிறேன், 13 கட்டம். அதை வெட்டிச் செல்லும் சொற்களை அடுத்து வருகிறவர் எழுதலாம். பென்சிலை நூல் கட்டி வைத்திருக்கிறேன்.