முறையற்ற வினைகளா?

ஆங்கில இலக்கண நூல்களின் இறுதியில் இறந்தகால வினைகளின் அட்டவணையொன்று அகரவரிசையிற் கிடக்கும். முறையற்ற வினைகள் என்பது அவற்றிற்கு இட்ட பெயர். மாணவர் அதனை ஏனென்றறியாது உருப்போடுவர். ஒரு சிறுவன் 'காட்' என்னாது 'கேட்ச்ட்' என்றானாயின் வகுப்பே நகைக்கும். அவனோ கற்ற விதியைப் பிழையாது பின்பற்றியவன்; ஆங்கிலக் குழந்தைகளும் அங்ஙனமே பேசப் பழகுகின்றனர். இப்பெயரும் பொருந்தாது, இப்போதனை முறையும் பொருந்தாது என்பதே எம் கருத்து.

'ஸிங்' 'ஸேங்' ஆகின்றது. 'டிரிங்க்' 'டிரேங்க்' ஆகின்றது. மெய்கள் அசையாது நிற்ப, இடையுயிர் மட்டும் திரிகின்றது. ஜெர்மானிய மொழியினம் முழுதும் பரந்த தொன்மையான விதி இஃது. யாக்கோபு கிரிம் என்னும் ஜெர்மன் அறிஞர் இவற்றை வலிய வினைகள் என்றும், ஈறு பெற்றுக் காலங்காட்டுவனவற்றை மெலிய வினைகள் என்றும் வகுத்தார். அட்டவணையிலுள்ள யாவும் இவ்விதிக்கு அடங்குமென்று கூறோம். 'கோ' என்பதற்குரிய 'வென்ட்' பிறிதொரு வினையினிடம் இரவல் வாங்கியது!

வழக்கு மாறுந்தோறும் இவையும் மாறும். 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், மரியாளின் பாட்டில், இன்று 'ஹெல்ப்ட்' என்போமாகிய இடத்தில் 'ஹோல்ப்பன்' என்றிருக்கும். ஆனால் ஈசாக்கின் கிணறுகளைக் கூறும் ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் 'டிக்ட்' என்றுளது. இன்றோ 'டக்' என்பதே வழக்கு. முன்னது வலிமை இழந்தது, பின்னது வலிமை பெற்றது.

தமிழில் இக்குழப்பம் இல்லையென்பார் நம்முள் உளர். நன்னூலார் த், ட், ற், இன் என இடைநிலைகளை வகுத்தது உண்மையே. ஆயினும் 'கேள்' 'கேட்டான்' ஆக, 'கொள்' ஏன் 'கொண்டான்' ஆதல் வேண்டும்? ஈறு இரண்டிற்கும் ஒன்றே. புதிதாய்த் தமிழ் கற்கும் அயலார் இவற்றையும் உருப்போடவே செய்கின்றனர். 'புக்கான்' செய்யுளில் ஒதுங்கிவிட, 'புகுந்தான்' நிலைபெற்றதும் 'ஹோல்ப்பன்' கதையை ஒத்ததே.

ஆதலின் ஆசிரியர்கள் அகரவரிசையை விடுத்து இனம்பற்றிக் கற்பிப்பாராக. 'ஸ்பீக்', 'பிரேக்', 'ஸ்டீல்' என்பனவற்றை ஒருங்கு நிறுத்தி, 'ஸ்போக்', 'பிரோக்', 'ஸ்டோல்' என்று காட்டினால் மூன்றும் ஒருங்கே மனத்திற் பதியும். 'புட்', 'கட்' போலத் திரியாதன தனி வரிசை. எஞ்சிய சிலவற்றை உருப்போடுவதில் எமக்குத் தடையில்லை.