வீட்டுக் கூரைக்கு மானியம் உண்டு, கடைக் கூரைக்கு?



திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, சின்னக்கடை வீதி, நந்தி கோயில் தெரு, ஆண்டார் வீதி என்று ஒரு சுற்று வந்தால் ஒரே மாதிரியான கட்டடங்கள் பலவற்றைப் பார்க்கலாம். கீழே கடை, மேலே வீடு. படிக்கட்டு ஓரத்தில் ஒரு மரப்பலகை. அதில் இரண்டு மீட்டர்கள். ஒன்று வீட்டுக்கு, மற்றது கடைக்கு. இரண்டுக்கும் ஒரே சுவர், ஒரே மொட்டை மாடி. குடியிருப்பதும் ஒரே குடும்பம்தான். ஆனால் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒரு மீட்டர் சொந்தப் பிள்ளை. இன்னொன்று மாற்றாந்தாய்ப் பிள்ளை. இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

திட்டம் என்ன சொல்கிறது?

2024 பிப்ரவரி 13 அன்று பிரதமர் அறிவித்து, அதே மாதம் 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது ‘பி.எம். சூர்ய கர்’ திட்டம். வீட்டு மொட்டை மாடியில் சூரிய மின் தகடு அமைத்துக்கொள்ள மானியம் தருவதே இதன் நோக்கம். மதிப்பீடு 75,021 கோடி ரூபாய். இலக்கு 1 கோடி வீடுகள். காலம் 2026-27 நிதியாண்டு வரை. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய் என்பது மானியக் கணக்கு.

இதில் பேட்டரி கிடையாது. பகலில் உண்டாகும் மின்சாரத்தில் நமக்குப் போக மீதி ஈ.பி. லைனுக்குப் போகிறது. இரவில் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் பேரேட்டில் பற்று, வரவு எழுதி நிலுவை கட்டுவதைப் போல, போனதையும் வந்ததையும் கழித்துக் காட்டுவதுதான் ‘நெட் மீட்டர்’. பேட்டரி இல்லாததால் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். இன்வெர்ட்டருக்கு மாற்று என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம்.

யாருக்கு லாபம்?

இரண்டு மாதத்தில் 700 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி பில் ஏறத்தாழ 3,800 ரூபாய். 2 கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 8 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். மீதி 220 யூனிட்டுக்கு, இலவச 100 யூனிட் போக, 350 ரூபாய்க்குள் பில் அடங்கிவிடும். மிச்சம் சுமார் 3,500 ரூபாய். வருடத்துக்கு 21,000 ரூபாய். மொத்தச் செலவு 1,40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மானியம் போகக் கைப்பணம் 80,000 ரூபாய். நான்கு வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். தகட்டின் ஆயுளோ இருபது வருடத்துக்கு மேல். இந்தக் கணக்கை எந்த வணிகரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

ஆனால் இரண்டு மாதத்தில் 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் சிறு குடும்பத்துக்கு, முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கும் நம் மாநிலத்தில், மிச்சமாவது மிகச் சொற்பம். அவர்கள் கடன் வாங்கித் தகடு போடுவது வீண். வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரையே சொந்தமில்லை. ஆகவே இது ஏழைக்கான திட்டம் என்பதைவிட, கூரையும் குளிர்சாதனமும் உள்ளவருக்கான திட்டம் என்பதே உண்மை. அது குற்றம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு இறங்க வேண்டும் என்கிறேன்.

கடை மீட்டரின் கதை

இனி கீழே இருக்கும் மீட்டருக்கு வருவோம். ஒரு சாதாரண மளிகைக் கடையில் இன்று பால், தயிர் வைக்க ஒரு ஃப்ரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று, நாலைந்து விளக்கு, இரண்டு மின்விசிறி, மின்னணுத் தராசு, பில் போடும் இயந்திரம் இவ்வளவும் உண்டு. வணிக இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. இரண்டு மாதத்தில் 100 யூனிட்டைத் தாண்டினால், 2024 ஜூலைக் கட்டணப்படி யூனிட் 10 ரூபாய்க்கு மேல். 600 யூனிட் ஓடினால் 6,000 ரூபாய். கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் தனி. மாடி வீட்டில் அதே 600 யூனிட் ஓடினால் இதில் பாதிகூட வராது.

அதாவது, மின்கட்டணம் யாரை அதிகமாக அழுத்துகிறதோ, யார் சூரியன் இருக்கும் பகல் நேரத்திலேயே மின்சாரத்தைச் செலவிடுகிறாரோ, அவருக்கு மானியம் இல்லை. மானியம் குடியிருப்பு இணைப்புக்கு மட்டுமே. நெட் மீட்டர் விதிகளும் வீட்டுக்கு ஒன்று, கடைக்கு வேறு.

‘வணிக நிறுவனங்களுக்கு வரிச் சலுகை இருக்கிறதே’ என்று பதில் வரும். உண்மைதான், இருக்கிறது. சூரிய மின் சாதனத்துக்கு வருமான வரிக் கணக்கில் 40 சதவீதம் வரை தேய்மானம் எழுதலாம். வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் இது யாருக்குப் பயன்படுகிறது? முழுக் கணக்கு எழுதி, ஆடிட்டர் வைத்து நடத்தும் ஆலைக்கும் பெரிய நிறுவனத்துக்கும். நம்மில் மிகப் பலர் ஜி.எஸ்.டி.யில் இணக்க வரி முறையில் இருக்கிறோம். அதில் உள்ளீட்டு வரவு கிடையாது. வருமான வரியில் விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்ற உத்தேச முறையில் கட்டுகிறோம். அதில் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆக, வீட்டுக்கு மானியம். ஆலைக்கு வரிச் சலுகை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மளிகைக் கடைக்கு இரண்டும் இல்லை.

‘நீங்கள்தான் சிறு தொழில் பட்டியலில் சேர்ந்துவிட்டீர்களே’ என்றும் சொல்வார்கள். 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்களை எம்.எஸ்.எம்.இ. வரம்பில் சேர்த்தார்கள். ஆனால் அந்த ஆணையை நிதானமாகப் படித்தால், வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்றே இருக்கிறது. இலையைப் போட்டார்கள், கடன் என்னும் ஒரே கறியைத்தான் பரிமாறினார்கள்.

நம்மவர்களிலேயே சில பெரியவர்கள், ‘வணிகன் கை நீட்டக் கூடாது, மானியம் கேட்பது நமக்கு அழகல்ல’ என்கிறார்கள். அவர்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனால் இந்த 75,021 கோடியும் மக்கள் வரிப்பணம். அதில் நாம் வசூலித்துக் கட்டிய வரியும் இருக்கிறது. வீட்டுக்குக் கொடுக்கும் 78,000 ரூபாயை நமக்கும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இதே திட்டத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் பொது விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் தருகிறார்கள். மாடிப்படி விளக்குக்குக் கொடுக்கும் விகிதத்தைக் கடை விளக்குக்கும் கொடுங்கள் என்பதில் என்ன பிழை?

ஒரு எச்சரிக்கை. மேலே வீட்டு மீட்டரில் தகடு போட்டுவிட்டு, கீழே கடை ஃப்ரிட்ஜுக்கு ஒரு வயரை இறக்கிவிடலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். இணைப்பைத் தவறான வகைக்குப் பயன்படுத்தினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். நியாயம் கேட்கப் போகிறவர் கையில் கறை இருக்கக் கூடாது.

சீமை தரும் பாடம்

மானியம் வந்தால் மட்டும் போதாது. வேலை சுத்தமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் நமக்கு நேர்மாறான பருவநிலை. அங்கே வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் குளிர் புகாமல் காப்புப் பொதி வைக்கவும், பழைய கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ‘ஹீட் பம்ப்’ என்னும் மின் சாதனம் வைக்கவும் உதவி தருகிறார்கள். பாய்லர் மாற்றத்துக்கு 2023 அக்டோபரில் மானியத்தை 7,500 பவுண்டாக உயர்த்தினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் 2025 அக்டோபரில் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அத்தகைய திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்பு வைத்த வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாகச் சொன்னது. ஈரம் தேங்கி, பூஞ்சணம் பிடிக்கும் நிலை. வேலை செய்தவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. வேலையைச் சரிபார்க்க வேண்டியவர்கள் சரிபார்க்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், என் வீட்டு மாடி. ஸ்ரீரங்கத்தில் பழைய ஓட்டுத்தளம் போட்ட மொட்டை மாடி. தகடு பொருத்த வந்தவர்கள், தூண் நிறுத்தத் தளத்தைத் துளைத்தார்கள். துளையைச் சரியாக அடைக்கவில்லை. ஐப்பசி மழையில் கூடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. தகடு ஒழுங்காக மின்சாரம் தந்தது. மானியமும் என் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. ஆனால் கூரையைச் சரிசெய்யக் கொத்தனாருக்கு என் கைப்பணம் போயிற்று. பொருத்தியவர் ‘அது உங்கள் பழைய தளத்தின் கோளாறு’ என்று சொல்லிவிட்டார். அரிசி மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்காத நான், என் வீட்டு வேலையை மேலே ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். தவறு என்னுடையதும்தான்.

ஆகவே திட்டத்தில் சேரும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

மானியம் முன்பணம் அல்ல. தகடு பொருத்தி, நெட் மீட்டர் வைத்து, சோதனை முடிந்த பிறகே உங்கள் வங்கிக் கணக்கில் வரும். முழுத் தொகைக்கும் முதலில் வழி செய்துகொள்ளுங்கள். 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாத வங்கிக் கடன் உண்டு.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். காலமான தாத்தா பெயரிலேயே பில் வரும் வீடுகள் நம்மிடம் அதிகம். முதலில் பெயர் மாற்றம், பிறகு விண்ணப்பம்.

அரசின் இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள். உள்நாட்டுத் தயாரிப்புத் தகடுக்குத்தான் மானியம். 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் சாதனங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. விலைப்பட்டியலில் பழைய வரி இருந்தால் கேளுங்கள்.

தளத்தைத் துளைப்பதா, கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்துவதா, ஒழுகினால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணையை, நீங்களே மாடி ஏறிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

நம் சங்கம் செய்ய வேண்டியது

முதலாவதாக, சிறு கடைகளின் வணிக இணைப்புக்கும், குறைந்தது 3 கிலோவாட் வரையிலாவது, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் விகிதத்தில் மானியம் தர வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்க வேண்டும். இணக்க வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தாலும் ஒப்புக்கொள்வோம். வரிச் சலுகை பெறுகிறவர் இரட்டைப் பயன் அடைய வேண்டியதில்லை.

இரண்டாவதாக, கூரை சொந்தமில்லாத நம் உறுப்பினர்களை மறந்துவிடக் கூடாது. சத்திரம் பேருந்து நிலையக் கடைகளின் கூரை மாநகராட்சிக்குச் சொந்தம். புதுப்பித்துக் கட்டி 2021 டிசம்பரில் திறந்த கட்டடம் அது. பஞ்சப்பூரில் தன் மின்செலவைக் குறைக்கச் சூரிய மின் நிலையம் அமைத்த மாநகராட்சிக்கு இது புதிய வேலையல்ல. ஒரு கூரையில் விளையும் மின்சாரத்தைப் பல மீட்டர்களுக்குப் பங்கு பிரித்து வரவு வைக்கும் முறைக்கு டெல்லியில் 2019-லேயே வழிகாட்டு விதிகள் வந்துவிட்டன. அந்த முறையை இங்கும் கொண்டுவந்து, வாடகைக் கடைக்காரருக்கும் பங்கு கொடுக்கக் கேட்க வேண்டும். அந்தப் பங்குக்குரிய தொகையை வாடகையோடு கட்ட நாம் தயார்.

மூன்றாவதாக, யாரையும் கேட்காமல் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகடு போட்ட உறுப்பினர்களிடம், ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டுச் சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். நல்ல வேலைக்காரர் யார் என்று அடுத்தவர் தெரிந்துகொள்ளட்டும். சரக்கின் தரத்தை வாய்வழியாகவே ஊரெங்கும் அறிந்து வியாபாரம் செய்தவர்கள் நாம். இது நமக்குத் தெரியாத கலை அல்ல.

மே 5 வணிகர் தின மாநாட்டில் எத்தனையோ தீர்மானங்கள் போடுகிறோம். அடுத்த மாநாட்டில் இதையும் ஒரு தீர்மானமாகச் சேர்க்கச் செயற்குழுவை வேண்டுகிறேன். திட்டத்தின் காலம் நிரந்தரமானதல்ல. நீட்டிப்பு வரும்போதாவது கடை மீட்டரும் உள்ளே வர வேண்டும். வெயில் வீட்டு மாடி, கடை மாடி என்று பார்த்து அடிப்பதில்லை. சட்டமும் அப்படிப் பார்க்காமல் இருக்கட்டும்.

– சத்திரம் பேருந்து நிலைய மளிகை வணிகர் ஒருவர்