பசும்பால் மனிதனுக்கு இயற்கையான உணவா? நெத்திலி சாப்பிடுறவங்களுக்கு பால் கட்டாயமா?

'கன்னுக்குட்டிக்கான பாலை மனுஷன் குடிக்கலாமா?' இந்தக் கேள்வி அடிக்கடி சமூக வலைத்தளங்களில் சுற்றும். 2021-ல் தாவரப் பாலுக்கு மாறச் சொல்லி அமுல் நிறுவனத்துக்கு பீட்டா இந்தியா கடிதம் எழுதியது. 10 கோடி பால் விவசாயிகளின் பிழைப்பு என்னாவது என்று அமுல் தரப்பு திருப்பிக் கேட்டது. சரி, உடம்பு என்ன சொல்கிறது?

இயற்கையா, இல்லையா?

பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதைச் செரிக்க வைப்பது சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி. தாய்ப்பால் மறந்த பிறகு இது குறைவதுதான் பாலூட்டிகளின் இயல்பு. மாடு வளர்த்த சில சமூகங்களில் மட்டும், வளர்ந்த பிறகும் இது சுரக்கும் மரபணு மாற்றம் பரவியது. உலகப் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு லாக்டேஸ் குறைவு. வட இந்தியாவைவிட தென்னிந்தியாவில் இது அதிகம்.

பால் குடித்தால் வயிறு உப்புதா?

உப்புசம், வயிற்றுப்போக்கு வந்தால் இது காரணமாக இருக்கலாம். ஆனால் பயப்பட வேண்டாம். டீயில் சேரும் கொஞ்சம் பாலும், தயிரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். தயிரில் உள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியை முன்பே கரைத்துவிடும். உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் அது அலர்ஜி. உடனே டாக்டரைப் பாருங்க.

பால் இல்லாட்டி கால்சியம்?

100 மி.லி. பாலில் சுமார் 120 மி.கி. கால்சியம். 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி.க்கு மேல். தூத்துக்குடி கடற்கரையில் இன்னொரு வழியும் இருக்கு: முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலி. மீனில் புரதமும் பி12 வைட்டமினும் கிடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் பிபி உள்ளவர்களுக்கு கவனம் தேவை.

அப்போ பாலை நிறுத்திடலாமா?

அவசரம் வேண்டாம். சைவம் சாப்பிடுவோருக்கு பி12 கிடைக்கும் முக்கிய வழி பாலும் தயிரும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடி தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் விலை ஏறும் அந்த நாட்களில், வளரும் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் பெரிய துணை.

கைக்குழந்தைக்கு?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயது வரை பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து குறைவு, ரத்தசோகை வரலாம்.

சுருக்கமாகச் சொன்னால், பால் விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை. ஒத்துக்கொண்டால் குடிங்க. ஒத்துக்கொள்ளாத பிள்ளையை அடம்பிடித்துக் குடிக்க வைக்காதீங்க. அந்தச் சத்துக்கு தட்டில் வேறு வழி இருக்கு.